சுவர் இருக்கு, சித்திரம் எங்கை?

‘சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம்’ என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்திருக்கிறார்கள். உடம்பைக் கவனி, நேரத்துக்குச் சாப்பிடு, இரா முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டு கிடக்காதே என்பதற்கெல்லாம் அந்த ஒரு வசனம் போதும். ஆனால் வன்னியில் அதை உவமையாக இல்லாமல் நேராகவே எடுக்க வேண்டிய காலம் ஒன்று இருந்தது. 2009 மே மாதம் யுத்தம் முடிந்தபோது இங்கே உண்மையிலேயே சுவர் இல்லை. கூரை போன பள்ளிக்கூடங்கள், பாதி இடிந்த ஆஸ்பத்திரிகள், சன்னம் துளைத்த கோயில் மதில்கள். மெனிக் பாமில் இருந்து திரும்பி வந்த சனம் தறப்பாளுக்குக் கீழேதான் முதல் மாரியைக் கழித்தது.

பிறகு சுவர்கள் வந்தன. மாவட்டச் செயலகம், பிரதேச செயலகங்கள், ஆஸ்பத்திரி விடுதிகள், பாடசாலை மாடிக் கட்டடங்கள், சந்தைகள், நூலகங்கள், பொதுநோக்கு மண்டபங்கள். 2013 செப்ரெம்பரில் யாழ்தேவி கிளிநொச்சி வரைக்கும் வந்தபோது புதுப் புகையிரத நிலையமும் வந்தது. எல்லாம் தேவைதான். ஆரும் வேண்டாம் எண்டு சொல்லேலாது. ஆனா அந்தச் சுவர்களை ஒருக்கால் நின்று பாருங்கோ. மேலே வெள்ளை அல்லது இளமஞ்சள், கீழே ஊத்தை தெரியாமல் இருக்க இடுப்பு உயரத்துக்கு மண்ணிறம். வாசலில் திட்டப் பலகை. அதில் காசு தந்த நாட்டின் கொடி, நிறுவனத்தின் இலச்சினை, திறந்து வைத்தவரின் பெயர். அந்தப் பலகையைக் கழற்றி விட்டால் கட்டடம் கிளிநொச்சியில் நிற்கிறதா, அம்பாந்தோட்டையில் நிற்கிறதா என்று சொல்ல ஒரு அடையாளமும் மிஞ்சாது.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். ஒரு பொதுக் கட்டடத்துக்கு மேசன், தச்சர், மின்னிணைப்பாளர் எப்படித் தேவையோ அப்படி ஒரு ஓவியரும் தேவை. நிறம் பூசுகிறவரைச் சொல்லவில்லை. அந்த ஊரைப் பார்த்து, யோசித்து, தன் பெயரைப் போட்டு ஒரு சுவருக்குப் பொறுப்பெடுக்கிற ஆளைச் சொல்கிறோம். அப்படி ஒருவருக்கு இடம் விடுகிற பழக்கம் எங்களிடம் இல்லை.

இப்போது சுவரில் என்னதான் இருக்கிறது? முன்பள்ளியில் இருந்து தொடங்குவோம். மிக்கி மவுஸ், டொரேமொன், சோட்டா பீம். பழங்கள் என்று ஒரு பகுதி. அதில் அப்பிள், ஸ்ரோபெரி, முந்திரிகை. பாலைப்பழக் காலத்தில் உதடெல்லாம் பால் ஒட்டத் திரிகிற பிள்ளைதான் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. பாலைப்பழம் சுவரில் இல்லை. வீரைப்பழம் இல்லை, கூழாம்பழம் இல்லை, விளாம்பழமும் இல்லை. வரைந்தவரில் பிழை சொல்ல மாட்டோம். போனில் ஒரு படத்தைக் காட்டி, இது மாதிரி கீறுங்கோ, திறப்பு விழா வெள்ளிக்கிழமை என்று சொன்னால் அவர் வேறு என்ன செய்வார்?

இந்த மண்ணில் தன் வேலையைச் சரியாகச் செய்த பொதுப் படங்கள் எவை என்று கேட்டால் எங்களுக்கு முதலில் நினைவு வருவது மிதிவெடி விழிப்புணர்வுப் படங்கள்தான். மீள்குடியேறின காலத்தில் பாடசாலை மதில்களிலும் வீதியோரப் பலகைகளிலும் அவை இருந்தன. மண்ணுக்குள் பாதி புதைந்த மிதிவெடி, அதைத் தொடப்போகிற கை, சிவப்பில் மண்டையோடு. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் விளங்கும். அந்தப் படங்களைப் பார்த்துக் காலைப் பின்னுக்கு எடுத்த பிள்ளைகள் இன்றைக்கு எங்களில் பலராக இருக்கிறோம். வரைந்த ஆக்களின் பெயரை ஒரு பலகையிலும் கண்டதில்லை. அவற்றைக் கலை என்று ஆரும் சொன்னதுமில்லை. ஆனால் ஒரு படம் பொது இடத்தில் எதைச் செய்யலாம் என்பதற்கு வன்னிக்கு வெளியே போய் உதாரணம் தேடத் தேவையில்லை.

மற்றப் பக்கத்தில் பெரிய படங்கள், பெரிய சின்னங்கள். சமாதான காலத்தில் ஏ9 வீதியோரமாகக் கையால் வரைந்த பெரும் பலகைகள் நின்றன. 2009 க்குப் பிறகு அவை இல்லை. இப்போது கிளிநொச்சி நகரத்தில் நிற்பது எறிகணை துளைத்து வெடித்த ஒரு பெரிய கட்டைச் சுவரும் அதன் மேலே பூத்த தாமரையும். புதுக்குடியிருப்பில் தண்ணீருக்கு நடுவே துப்பாக்கியும் கொடியும் ஏந்திய சிப்பாய். 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடு முழுக்க இளைஞர்கள் தூரிகையோடு வீதிக்கு இறங்கினார்கள். நல்ல மனதோடு இறங்கியவர்கள் நிறையப் பேர். ஆனால் தெற்கில் பல சுவர்களில் எழுந்தது பழைய அரசர்களும் யுத்தவீரர்களும்தான். அந்த அலை வடக்குக்கும் வந்தது. இங்கே சுவரில் ஏறியவை பெரும்பாலும் ஆருக்கும் நோகாத படங்கள்.

இவை ஒன்றுக்கொன்று எதிரானவை. அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை, ஒன்றாகப் போட்டுக் குழப்பவும் இல்லை. ஆனால் வரைந்தவரின் பக்கத்தில் இருந்து பார்த்தால் ஒரு விசயம் பொதுவாக இருக்கிறது. ஆரோ ஒருவர் என்ன வரைய வேண்டும் என்று முடிவெடுத்தார். ஓவியர் கையை மட்டும் கொடுத்தார். கண்ணை ஆரும் கேட்கவில்லை.

கண்ணையும் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த நாட்டிலேயே ஒரு கதை இருக்கிறது. அவருடைய பெயரே டேவிட் பெயின்ரர். (எங்கட ஊரில் ‘பெயின்ரர்’ என்றால் வீட்டுக்கு நிறம் அடிக்கிறவர். அதனால் இந்தப் பெயரை முதன்முதல் கேட்டபோது எங்களில் அரைவாசிப் பேர் பகிடி என்றே நினைத்தோம்.) 1900 இல் இமயமலையடிவாரத்து அல்மோராவில் பிறந்தவர். அப்பா ஆங்கிலேயப் பாதிரியார், அம்மா சிங்களப் பெண். பள்ளிப் படிப்பு முதலில் ஊட்டியில், பிறகு கண்டி திரித்துவக் கல்லூரியில். புலமைப்பரிசிலில் இலண்டன் றோயல் அக்கடமிக்குப் போனார், தங்கப் பதக்கம் எடுத்தார், இத்தாலிக்குப் போய் அங்கத்தைய தேவாலயச் சுவர்களைப் பார்த்தார். 1925 இல் இலங்கைக்குத் திரும்பினார். அந்தத் தகுதியோடு வந்த ஆள் கொழும்பில் கனவான்களின் உருவப்படம் வரைந்தே காலம் தள்ளியிருக்கலாம். உருவப்படங்கள் அவர் வரையாமலும் இல்லை.

ஆனால் அவர் படித்த கல்லூரியில் அப்போது ஒரு தேவாலயம் எழுந்துகொண்டிருந்தது. ஐரோப்பிய ஊசிக் கோபுரம் வைத்த தேவாலயம் இல்லை. கண்டி அரசர்களின் சபாமண்டபத்தின் சாயலில், செதுக்கிய கற்றூண்களோடு பக்கங்கள் திறந்த மண்டபம். அதன் சுவர்கள் பெயின்ரருக்குக் கிடைத்தன. 1928 இல் இருந்து 1933 வரைக்கும் நாலு பெரிய ஓவியங்கள். அவற்றில் கடைசியானது சிலுவைப்பாடு. அதைப் பற்றித்தான் கொஞ்சம் கூடக் கதைக்க வேணும்.

சிலுவைப்பாடு எத்தனை ஆயிரம் தரம் வரையப்பட்டிருக்கும்? கல்வாரி மலை, கறுத்த வானம், நீண்ட தாடி, வெள்ளைத் தோல். வன்னியிலே கத்தோலிக்க வீடுகளில் மாட்டியிருக்கிற அச்சுப் படமும் அதே. பெயின்ரர் மலையை வரையவில்லை. கண்டற்காட்டுச் சதுப்பு நிலத்தில் சிலுவையை நட்டார். அதில் தொங்குகிறவர் தாடியில்லாத, மண்ணிறத் தோல் கொண்ட இளைஞன். சுற்றி நிற்கிறவர்களும் இந்தத் தீவில் வீதியில் சந்திக்கக்கூடிய ஆக்கள். 1933 என்பது வெள்ளைக்கார ஆட்சிக் காலம், கல்லூரியோ மிசன் கல்லூரி. அந்தச் சுவரில் இதைச் செய்தார்.

எங்களுக்கு இதில் பிடித்தது துணிச்சல் மட்டும் இல்லை. கண்டற்காடு என்கிற தெரிவு. சேறும் உப்புத் தண்ணியும், மூச்சுவிட மண்ணுக்கு மேலே வேர் எழுப்புகிற மரங்களும். நந்திக்கடலைப் பார்த்து வளர்ந்த ஒரு பிள்ளைக்கு அந்தப் படத்தைக் காட்டினால் விளக்கம் வேண்டியதில்லை. பெயின்ரருக்கு நந்திக்கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது, 2009 ஐப் பற்றியும் தெரியாது. 1975 இல் அவர் காலமாகிவிட்டார். ஆனால் துயரத்தைத் தூர தேசத்து மலையில் வைக்காமல், தன் மண்ணின் சேற்றில் வைத்துப் பார்த்தார். அதனால்தான் அந்தப் படம் எங்களிடமும் வந்து சேருகிறது.

கல்லூரித் தேவாலயம் பொதுக் கட்டடமா என்று ஆரும் கேட்கலாம். கச்சேரி மாதிரி இல்லைதான். ஆனால் தொண்ணூறு வருசத்துக்கு மேலாகத் தலைமுறை தலைமுறையாகப் பெடியள் அதுக்கு முன்னால் இருந்து எழும்பிப் போயிருக்கிறார்கள். எல்லாரும் கிறிஸ்தவர்களும் இல்லை. காலைக் கூட்டத்தில் அலுப்பில் சுவரைப் பார்க்கிற ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தன்னைப் போன்ற முகம் அங்கே தெரிவதுதான் பொதுக் கலை செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை. கலாபவனத்தில் மாட்டின படத்தை நாங்கள் தேடிப் போய்ப் பார்க்கிறோம். சுவரில் உள்ளதோ எங்களைக் கேளாமலே எங்களோடு வளருகிறது.

பெயின்ரர் பிறகு கொழும்பு அரசாங்க நுண்கலைக் கல்லூரியின் தலைவராக 1962 வரைக்கும் இருந்தார். ஓய்வுபெற்ற பிறகும் சுவரை விடவில்லை. கல்கிசைப் பரி. தோமாவின் கல்லூரித் தேவாலயத்தில் மறுரூபக் காட்சியை 1968 இல் முடித்தபோது அவருக்கு வயது 68. அதிலும் தாடியில்லாத இயேசுதான். முப்பத்தைந்து வருசம் கழிச்சும் ஆள் மாறவில்லை!

அதே திரித்துவக் கல்லூரியில் படித்த இன்னொருவர் ஜோர்ஜ் கீற். 1901 இல் கண்டியில் பிறந்த பறங்கியர், பெயின்ரருக்கு ஒரு வயதுதான் இளமை. ஆனால் கையில் எடுத்தது முழுக்க வேறு வழி. பெயின்ரர் அக்கடமியில் படித்த யதார்த்தத்தை விடவில்லை. கீற் பிக்காசோவைப் பார்த்தவர், 1943 இல் தொடங்கிய 43 குழுவின் முக்கியமான ஆள். அதுக்கு முன்னமே, 1939–40 இல் பொரளை கோதமி விகாரையின் சுவர்களில் புத்தரின் வாழ்க்கையை வரைந்தார். அழைத்தவர் ஹரல்ட் பீரிஸ்.

அந்தக் காலத்தில் சார்லிஸ் மாஸ்ரரின் அச்சுப் படங்கள் சிங்களப் பௌத்த வீடுகளின் சுவர்களில் தொங்கின. விகாரைச் சுவர்களும் அந்த வழியில் போய்க்கொண்டிருந்தன. சனத்துக்குப் பழகின முகம், பழகின நிறம். கீற் அதைத் தொடவில்லை. ஓடுகிற கோடு, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வருகிற உருவங்கள். பார்த்த உடனே கும்பிடத் தோன்றாது, முதலில் திகைப்புத்தான் வரும். ஆனாலும் அது அருங்காட்சியகம் இல்லை, இன்றைக்கும் விகாரை. வந்து பூ வைக்கிற ஆச்சிக்கு நவீன ஓவியம் என்ற சொல் தேவைப்படுவதில்லை. எங்கட ஆக்கள் அடிக்கடி சொல்லுகிற ‘சனத்துக்கு விளங்காது’ என்ற சாட்டுக்கு இதைவிடப் பதில் வேண்டாம்.

சார்லிஸ் மாஸ்ரரின் இடத்தில் எங்களிடம் இருப்பது கோவில்பட்டி கொண்டையராஜுவின் வழியில் வந்த சிவகாசிக் கலண்டர் படங்கள். கோயில் விதானத்தில், மதிலில், மண்டபத் தூணில் அதுதான். அந்த அழகைக் குறைவாகச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. அம்மாவின் சாமி அறையில் இருந்து வந்த முகம் அது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓவியரை எப்படி நடத்துவது என்று வன்னியில் தெரிந்த ஒரே இடம் கோயில்தான். கும்பாபிசேகத்துக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே ஆளைக் கூப்பிட்டு, தங்க இடம் கொடுத்து, சாப்பாடு கொடுத்து, வேலை முடிந்ததும் சால்வை போர்த்தி மரியாதை செய்து அனுப்புவினம். கச்சேரிக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. அங்கே ஓவியம் என்பது கேள்விப்பத்திரத்தில் ‘நிறப்பூச்சு, சதுர மீற்றர்’ என்ற வரிக்குள் அடங்கிப் போகிற வேலை.

ஓவியர்கள் இல்லையா? இருக்கிறார்கள். யாழ். பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைப் பக்கத்திலும் மட்டக்களப்பு சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் வன்னிப் பிள்ளைகள் படித்து வெளியேறுகிறார்கள். பெரும்பாலானோர் சித்திர பாட ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருப்பார்கள். கிடைத்தால் பிறகு வருசம் முழுக்கச் சாதாரணதரப் பரீட்சைக்கான சித்திரம். கிளிநொச்சியில் பிறந்த வினோஜா தர்மலிங்கம் துணியிலும் நூலிலும் யுத்தத்தின் காயங்களைத் தைக்கிறார். இடம்பெயர்ந்து வவுனியாவில் வளர்ந்த ஜஸ்மின் நிலானி யோசப் வேலிகளையும் விட்டுவந்த வளவுகளையும் கோடுகளால் வரைகிறார். கொழும்புக் கலைக்கூடங்களில் இவர்களின் வேலைகளைப் பார்க்கலாம். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு ஆள் அவற்றைப் பார்க்க என்ன வழி? எங்கள் இடத்தைப் பற்றிய படங்கள் எங்கள் இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் இருக்கின்றன. இது எங்களுக்கு உறைக்கிறது.

பலகை எழுதுகிறவர்களையும் மறக்க ஏலாது. பத்துப் பதினைந்து வருசத்துக்கு முதல் ஒவ்வொரு சந்தியிலும் ஒரு ஆள் இருந்தார். கடைப் பெயர், லொறிக் கதவு, ரியூசன் விளம்பரம், மரண அறிவித்தல் பதாகை என்று எல்லாம் அவர்தான். டிஜிற்றல் பனர் வந்த பிறகு பலர் வீட்டு நிறப்பூச்சு வேலைக்குப் போய்விட்டார்கள். ஒரு சின்னப் படத்தைக் கட்டம் போட்டுப் பத்து அடிக்குப் பெருப்பிக்கிற கணக்கு, எந்தச் சுவரில் எந்தப் பூச்சுப் பிடிக்கும் என்ற அறிவு இவர்களிடம்தான் இருக்கிறது. கலைப் பட்டதாரிகள் பலருக்கு அது தெரியாது. இரண்டு பேரையும் ஒரே சுவருக்கு முன்னால் நிறுத்த வேண்டும் என்பது எங்கள் ஆசை.

இப்ப எங்களிட்ட நேராக் கேப்பினம்: ‘தண்ணி இல்லை, வேலை இல்லை, காணி இன்னும் விடுபடேல்லை. உங்களுக்கு என்னத்துக்கு இப்ப படம்?’

இது நியாயமான கேள்வி. அதைத் தட்டிக் கழிக்க மாட்டோம். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20 இல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அதே மாதத்தில் வவுனியாவிலும் கொட்டில் போட்டார்கள். அந்தக் கொட்டில்களுக்குள் என்ன தொங்கியது? படங்கள். அடையாள அட்டையில் இருந்து பெருப்பித்த முகங்கள், கலியாணப் படத்தில் இருந்து வெட்டி எடுத்த முகங்கள், பள்ளிக்கூடச் சீருடையோடு ஒரு முகம். வெயிலில் நிறம் போக, திரும்பவும் அச்சடித்துத் தொங்க விட்டார்கள். இருந்த அம்மாக்களில் பலர் பதில் தெரியாமலே செத்தும் போனார்கள். வன்னியின் உண்மையான பொது ஓவியக்கூடம் அந்தக் கொட்டில்தான் என்று சொன்னால் மிகையில்லை. ஒரு முகம் எல்லாரும் போகிற வீதியில் எல்லாரும் பார்க்கத் தெரிய வேண்டும் என்பது அந்த அம்மாக்களுக்குச் சோற்றுக்குப் பிறகு வருகிற விசயமாக இருக்கவில்லை. ஆகவே ‘முதல்ல சோறு, பிறகு படம்’ என்று எங்களுக்குச் சொல்லுகிறவர்கள், அவர்களுக்கும் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கு. ஓவியருக்குக் கண்ணையும் கையையும் விட்டால், அவர் வரைவதை விடுவார்களா?

எல்லாச் சுவரிலும் விடமாட்டார்கள். அதை மறைச்சுக் கதைக்க ஏலாது. யாழ். பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை 2021 ஜனவரி 8 இரவு இடித்ததை நாங்கள் எல்லாரும் போனில் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். மாணவர்களின் எதிர்ப்புக்குப் பிறகு அதே வருசம் ஏப்ரலில் திரும்பக் கட்டினார்கள் என்பதும் உண்மை. சுவரின் சொந்தக்காரர் இரவில் மனம் மாறலாம் என்பது எங்கட நாட்டுக்கு மட்டும் உரிய விசயமும் இல்லை. நியூயோர்க்கில் றொக்கபெல்லர் கட்டடத்துச் சுவரில் டியேகோ ரிவேரா லெனினின் முகத்தை வரைந்தார். எடுக்கச் சொன்னார்கள், எடுக்கவில்லை. 1934 பெப்ரவரியில் சுவரோடு சேர்த்து உடைத்தார்கள். அதே வருசம் மெக்சிக்கோவில் ஒரு பொதுக் கட்டடத்தில் அதே படத்தைத் திரும்ப வரைந்தார். ரிவேராவுக்குத் திரும்பிப் போக ஒரு அரசாங்கச் சுவர் இருந்தது. எங்கட பெடியனுக்கோ பிள்ளைக்கோ விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம்தான் வரும்.

அதனால் யுத்தத்தை வரைந்தே ஆகவேண்டும் என்று எந்த ஓவியரையும் நாங்கள் நெருக்க மாட்டோம். வீட்டில் பாதுகாப்பாக இருந்துகொண்டு இன்னொருவரைத் துணிந்து வரையச் சொல்லுவது வீரமில்லை. யுத்தத்தை வரையவே கூடாது என்று முன்கூட்டியே கட்டளை போடுகிற குழுவையும் ஏற்க மாட்டோம். இரணைமடுவில் வான்கதவு திறக்கிற நாளை ஒருவர் வரையலாம். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு நடந்து போகிற சனத்தை வரையலாம். அந்தச் சனத்துக்குள் ஒரு கால் இல்லாத ஆள் ஊன்றுகோலோடு நடந்தால், அதை ஏன் போட்டீர் என்று ஆரும் கேட்கக் கூடாது. ஏனெண்டால் அந்த ஊர்வலத்தில் அவர் நடக்கிறார்.

இதை எப்படிச் செய்வது என்பதற்கு வழி கண்டுபிடிக்க வேண்டியதில்லை, வழி இருக்கிறது. 1930 களில் பொருளாதாரம் விழுந்து கிடந்தபோது அமெரிக்கா புதிதாகக் கட்டுகிற தபாற்கந்தோர்களுக்கெல்லாம் ஓவியம் வைத்தது. கட்டடச் செலவில் ஏறத்தாழ ஒரு வீதத்தை அதுக்கு ஒதுக்கினார்கள். போட்டி வைத்து ஓவியரைத் தெரிந்தார்கள். அந்த ஊருக்குப் போய்ச் சனத்தோடு கதைத்துவிட்டு வரையச் சொன்னார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட சின்ன ஊர்களின் தபாற்கந்தோர்களில் அப்படி வேலை நடந்தது. பிரான்ஸ் 1951 இல் பாடசாலைக் கட்டடங்களுக்கு இதே ஒரு வீதத்தைச் சட்டமாக்கியது. காசு மிஞ்சின நாடுகள் மிஞ்சின காலத்தில் செய்த வேலை இல்லை இது. ஒன்று பெரும் வறுமைக் காலத்தில், மற்றது யுத்தம் முடிந்து ஆறு வருசத்தில்.

எங்கட கணக்கில் பார்ப்போம். 5 கோடி ரூபாவில் ஒரு பாடசாலைக் கட்டடம் என்றால் ஒரு வீதம் 5 லட்சம். திறப்பு விழாவின் பந்தல், பனர், மாலை, சிற்றுண்டிக் கணக்கை ஆராவது ஒருக்கால் கூட்டிப் பார்த்துவிட்டு இந்தக் காசு கூடவா என்று சொல்லட்டும்.

ஆனால் காசைவிட முக்கியமானது ஓவியரை எப்போது கூப்பிடுகிறோம் என்பது. பெயின்ரர் திரித்துவக் கல்லூரிக்கு வந்தது கட்டட வேலை நடந்துகொண்டிருந்தபோதே. நாங்கள் கூப்பிடுவது திறப்பு விழாவுக்கு முதல் கிழமை. சுவர் ஈரம் காயாமல் இருக்கும், பூச்சுக்குள் உப்பு இருக்கும். ஐப்பசியில் மழை தொடங்கிப் பங்குனி வர முதல் படம் பொருக்கு விட்டுப் போகும். வெளி மதிலில் வரைந்தால் வெயில் இரண்டு மூன்று வருசத்தில் சிவப்பைக் குடித்துவிடும். உள்ளே, காற்றோட்டமான, சனம் காத்திருக்கிற சுவரைத் தெரிய வேண்டும். கட்டட வரைபடத்திலேயே அந்தச் சுவரில் யன்னலோ, அறிவித்தல் பலகையோ, மின்விசிறிச் சுவிச்சோ வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இது கட்டடக் கலைஞரும் ஓவியரும் ஒரே மேசையில் இருந்தால் ஐந்து நிமிசத்தில் முடிகிற கதை. பிறகு எழுத்தில் ஒரு உடன்படிக்கை. ஓவியரின் பெயர் சுவரில் இருக்க வேணும், அவரைக் கேளாமல் மேலே நிறம் அடிக்கக் கூடாது, எத்தனை வருசத்துக்கு ஒருக்கால் ஆர் துப்புரவாக்குவது என்றும் இருக்க வேணும். இரவில் இடிக்க வருகிறவரைக் கடதாசி தடுக்காது. ஆனால் புது அதிபர் வந்து ‘இந்தச் சுவர் ஊத்தையாக் கிடக்கு, வெள்ளை அடியுங்கோ’ என்பதைத் தடுக்கும். எங்கட இடத்தில் கூடுதலான படங்கள் அப்படித்தான் சாகின்றன.

எந்தச் சுவர் என்று கேட்டால் எங்கள் முதல் தெரிவு ஆஸ்பத்திரி. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெளிநோயாளர் பிரிவில் விடியக் காலமை துண்டு எடுத்துவிட்டு மத்தியானம் வரைக்கும் இருக்கிற ஆக்களுக்குப் பார்க்க என்ன இருக்கிறது? டெங்கு நுளம்பு, சிறுநீரகம், இலக்கம் கூப்பிடுகிற யன்னல். நாலு மணித்தியாலம் ஒரு சுவரைப் பார்க்க வேண்டியிருக்கிற சனத்தைவிட நல்ல பார்வையாளர் எந்தக் கலைக்கூடத்துக்கும் கிடைக்க மாட்டினம். இரண்டாவது, முன்பள்ளி. அதுக்குப் பெரிய ஓவியரும் வேண்டாம், பெரிய காசும் வேண்டாம். பாலைப்பழத்தைப் பார்த்து வரையத் தெரிந்தால் போதும். கச்சேரிச் சுவரைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

கரைச்சி, கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, வவுனியா என்று எல்லாச் சபைகளிலும் வருகிற கார்த்திகை மார்கழியில் அடுத்த வருசப் பாதீடு வாசிப்பினம். ஒரு சபை, ஒரு கட்டடம், ஒரு வீதம். உறுப்பினரைத் தெரிந்த ஆக்கள் இப்பவே கதைக்கத் தொடங்குங்கோ. போகேக்கை வெறுங்கையோட போகாதேங்கோ. எந்தச் சுவர், என்ன அகலம், என்ன உயரம், மழைத்தண்ணி எந்தப் பக்கத்தால அடிக்குது எண்டு அளந்து எழுதிக்கொண்டு போங்கோ.